‘விளையாட்டுக்குத்தான் செய்தேன்’ என்கிறான் மகன்

கேள்வி: மேடம், திருமங்கலம் பக்கத்தில் ரோட்டோரம் புரோட்டா கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தால் வீட்டுக்குப் போக ராத்திரி 1 மணி ஆகும். மனைவியும் கடையில்தான் நிற்கிறாள். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், 16 வயது. ராத்திரியில் வீட்டில் அவனும் என் அம்மாவும்தான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். ஆண்டு விழாவில் இவன் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று கவிதை வாசிக்கும்போது குரல் உடைந்து நின்றுவிட்டதாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த வீடியோவில் 8 விநாடியை மட்டும் வெட்டி, ஆடு கத்துகிற சத்தத்தை ஒட்டி, இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். அப்புறம் அந்தப் பிள்ளை பெயரிலேயே, அதன் போட்டோவை வைத்து ஒரு கணக்கு ஆரம்பித்து மற்ற பையன்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். 12 நாளாக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. கேட்டால், "விளையாட்டுக்குத்தான் செய்தேன், ஒரே தடவைதான் போட்டேன்" என்கிறான். விஷயம் தெரிந்ததுமே எல்லாவற்றையும் அழித்துவிட்டானாம். ஆத்திரத்தில் என் அம்மா முன்னாலேயே பெல்ட்டால் அடித்துவிட்டேன், போனையும் உடைத்துவிட்டேன். அவர்கள் வேறு ஆட்கள், ஊருக்குள் பிரச்சினை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாமா? போலீசுக்குப் போனால் இவன் எதிர்காலம் என்ன ஆகும்? நாங்களும்தான் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கே ஒடிந்துபோகிறார்களே, ஏன்?

ஒரு தகப்பன்

பதில்:

அன்புள்ள ஐயா,

எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணைப் போலப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் வீட்டிலிருந்து வருகிறவை. "என் பிள்ளையை இப்படிப் பண்ணிவிட்டார்கள்" என்றுதான் ஆரம்பிக்கும். "என் பிள்ளை இப்படிப் பண்ணிவிட்டான்" என்று எழுதுகிறவர்கள் அபூர்வம். அடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக, அந்த நாலு பெரியவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நாலு பைக் வந்து நிற்பதை அந்த வீட்டின் கண்ணால் பாருங்கள். அப்பா சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வருவார், அம்மா காபி போட ஓடுவார். வந்தவர்களின் முகத்துக்காக "சரி, பிள்ளைகதானே, விடுங்க" என்று சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் அந்தப் பெண் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் விஷயத்தைப் பேசி முடித்துவிட்டுப் போவீர்கள். அதற்குப் பெயர் பஞ்சாயத்து, மன்னிப்பு இல்லை. ‘வேறு ஆட்கள்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கும்போது கூட்டமாகப் போவது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று நம் பக்கத்தில் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "அவர்களைச் சந்திக்கத் தயாராக இருக்கிறோம். அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்கிற இடத்தில், அவர்கள் சொல்கிற நேரத்தில்" என்று அவர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இனி பட்டப்பெயர். மதுரைச் சீமையில் பட்டப்பெயர் இல்லாதவர் யார்? செல்லூரில் வளர்ந்த எனக்கும் ஒன்று உண்டு, இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் எங்கள் தெருமுனையோடு நின்றது. பஸ் ஏறிவிட்டால் நான் வேறு ஆள். பரீட்சை லீவுக்கு சோழவந்தானில் அம்மாச்சி வீட்டுக்குப் போனால் அங்கே அந்தப் பெயரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது கூப்பிட்டவர்களுக்கே பாதி மறந்திருக்கும். இந்தப் பிள்ளை அம்மாச்சி வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற மாமா மகன் போனில் அந்த ஆட்டுச் சத்தம் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்கு உறுதியாகத் தெரியாது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியாததால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் பார்த்தவர் மாதிரியே தெரிவார்கள்.

"ஒரே தடவைதான் போட்டேன்" என்று அவன் சொல்வது பொய் இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் கொடுமையை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் நார்வேயில் வேலை பார்த்த டான் ஒல்வேயஸ். அவர் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஒருவர் மேல் செய்வது. இதில் இரண்டாவது, செல்போன் வந்த பிறகு ஆளே மாறிவிட்டது. உங்கள் மகன் ஒரு தடவை போட்டான். ஒருவன் அதைச் சேமித்து வைத்தான், இன்னொருவன் அடுத்த குரூப்புக்குத் தள்ளினான், ஒருத்தி சிரிக்கிற பொம்மை போட்டாள். திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாரைக் கேட்டாலும் ‘நான் ஒரு தடவைதான்’ என்பார்கள். அவளுக்கு மட்டும் அது எத்தனையாவது தடவை என்று கணக்கே கிடையாது.

போன வருஷம் என்னிடம் ஒரு பெண் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று வாரமாக வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, குடலில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட நாளில் காலை 7 மணிக்கு வரும் வலி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்பதைக் கவனித்தது அவளுடைய அப்பத்தாதான், டாக்டர் இல்லை. என் எதிரே உட்கார்ந்து போனை மேசையில் குப்புற வைத்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வரும், போனின் விளிம்பில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் கசியும். அவள் போனைத் தொட மாட்டாள், அதைப் பார்க்கக்கூட மாட்டாள். ஆனால் இடது தோள் லேசாக மேலே ஏறும், ஏறினது இறங்காது. அடுத்த வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். அரை மணி நேரத்தில் தோள் காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "அணைத்து வைத்துவிடலாமே அம்மா?" என்றேன். "அணைச்சிட்டா என்ன பேசுறாங்கன்னு தெரியாதே மேடம்" என்றாள்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. பார்த்தால் வலிக்கிறது, பார்க்காவிட்டால் பயம் தின்கிறது. அதனால் ராத்திரி 2 மணிக்கு எழுந்து பார்க்கிறார்கள். தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது, தலைவலி வருகிறது, படித்தது நிற்பதில்லை. சில பிள்ளைகளுக்குச் சாக வேண்டும் என்கிற எண்ணம்வரை போய்விடுகிறது, கையைக் கீறிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. இதெல்லாம் மனசு இளகிப்போன தலைமுறை என்பதால் இல்லை. நமக்குக் கிடைத்த தெருமுனையும் லீவும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 12 நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் திரும்பப் போவது இன்னும் பாரமாகும். அதனால் பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலை உங்கள் மகனைத் திட்டுவதோடு முடியாது. அந்தப் பிள்ளை திரும்பி வரும் நாளில் வகுப்பில் ஒருவனும் ஆடு மாதிரிக் கத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுக்கு இருக்கிற பெரிய வேலை. தலைமை ஆசிரியரைப் பார்க்கும்போது இதை நீங்களே கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு எடை அதிகம்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டான்" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அவன் அழித்தது அவனிடம் இருந்ததை. மற்றவர்கள் சேமித்து வைத்தது அப்படியே இருக்கும். அப்புறம் இன்னொரு சிக்கல். நாளைக்கு அவர்கள் புகார் கொடுத்தால், அழித்ததும் போனை உடைத்ததும் தடயத்தை ஒழிக்கச் செய்த மாதிரித் தெரியும். இன்ஸ்டாகிராமில் கணக்கை நீக்கச் சொன்னால் அது நிரந்தரமாகப் போக 30 நாள் ஆகும், அதற்குள் உள்ளே நுழைந்தால் மீட்டுவிடலாம். நீங்களாக எதையும் நோண்ட வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லி, அவர் முன்னிலையில், என்னென்ன இருந்தது, எந்தக் கணக்கின் பெயர், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டைக் கொடுத்து உங்கள் மகனை உட்கார வையுங்கள். யார் யாருக்கு அனுப்பினான், எந்தெந்த குரூப்பில் போட்டான், யார் எடுத்து வேறு இடத்தில் போட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிற வரை எழுதட்டும். அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொருவரிடமும் அவனே போய், "நான் செய்தது தப்பு, உன்னிடம் இருப்பதை அழித்துவிடு" என்று கேட்க வேண்டும். நேரில் கேட்க வேண்டும், மெசேஜில் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டதை ‘எல்லோருக்கும் அழி’ என்று கொடுக்க போட்டவருக்கு இரண்டு நாள் சொச்சம்தான் கெடு, அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் குரூப் அட்மின் நினைத்தால் யார் போட்டதையும் அந்த குரூப்பில் எல்லோருக்கும் அழிக்கலாம். அதனால் அட்மின்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலர் "நீதானேடா போட்ட?" என்பார்கள். கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் பெல்ட் அவனுக்குச் சொல்லித் தராத ஒன்றை அந்தச் சிரிப்பு சொல்லித் தரும்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், ஆனால் உடனே கொடுக்க வேண்டாம். இந்த வயதுப் பையன்கள் எழுதும் முதல் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம்: "நான் ஜாலிக்குத்தான் பண்ணேன், நீ தப்பா எடுத்திருந்தா சாரி." இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள். ‘எடுத்திருந்தா’ என்று சொன்னவுடன் தப்பு அவள் தலைக்குப் போய்விட்டது. இரண்டாவது கடிதம் வேறு மாதிரி இருக்கும்: "எங்கப்பா அடிச்சிட்டாரு, போன் போச்சு, ரொம்ப கஷ்டமா இருக்கு." அது அவனுடைய துக்கம், அவள் அதைச் சுமக்க வேண்டியதில்லை. மூன்றாவதோ நாலாவதோ எழுதும்போதுதான், "நீ மேடையில் நின்றதை நான் வெட்டினேன். உன் பெயரில் நான் பேசினேன். அதைச் செய்தது நான்" என்று வரும். அந்தக் கடிதத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். அவள் படிக்க விரும்பினால் படிக்கட்டும். பதிலை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். நேரிலோ வேறு நம்பரிலோ அவளைத் தொடர்புகொள்ளவே கூடாது, ‘சாரி’ சொல்வதற்காகக்கூட.

சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஆட்டுச் சத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பொய்க் கணக்குதான். அந்த மெசேஜ்களில் என்ன எழுதினான் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா? கேளுங்கள். இன்னொருவர் போல நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் குற்றம், 3 ஆண்டு வரை தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. மெசேஜில் ஆபாசம் இருந்தால் அதைவிடக் கடுமையான பிரிவுகள் வரும், அந்தப் பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்பதால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வரலாம். சாதியைத் தொட்டு ஒரு சொல் இருந்தாலும் விஷயம் வேறு திசைக்குப் போகும். என்ன எழுதினான் என்று தெரியாமல் தைரியமாக இருக்கவும் முடியாது, பயப்படவும் முடியாது.

ஆனால் அவன் எதிர்காலம் அதோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படிதான் விசாரிக்க வேண்டும். அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. ஆலோசனைக்கு அனுப்புவது, சமூக சேவை செய்யச் சொல்வது போன்ற உத்தரவுகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. இந்த மாதிரி வழக்குகளில், தப்பு நிரூபணமானாலும் பின்னால் வேலைக்கோ படிப்புக்கோ அது தகுதிக் குறைவாக நிற்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

அவர்கள் புகார் கொடுப்பது அவர்கள் உரிமை. மதுரை மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, 1930 என்ற எண்ணும் இருக்கிறது. ஆள் வைத்துத் தடுக்கப் பார்க்காதீர்கள். பொய்க் கணக்கின் நகல் இன்னும் எங்காவது ஓடினால், பாதிக்கப்பட்டவர் புகார் செய்ததும் ஆள்மாறாட்டக் கணக்கை அந்த நிறுவனம் சீக்கிரமே எடுத்தாக வேண்டும். 2021ல் விதி வந்தபோது அதற்கு 24 மணி நேரம்தான் கெடு வைத்தார்கள். தலைமை ஆசிரியர் வழியாக இதையும் அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்.

பெல்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் வருத்தப்படுவது எழுத்திலேயே தெரிகிறது, அதனால் நீட்டவில்லை. அவன் என்ன செய்தான்? தன்னைவிட எளிய ஒருத்தியை, மற்றவர்கள் பார்க்க, அவளால் திருப்பிச் செய்ய முடியாது என்று தெரிந்து, அவமானப்படுத்தினான். அப்பத்தா பார்க்க அவனை நீங்கள் அடித்தபோது அவன் கற்றுக்கொண்டது என்னவென்று யோசியுங்கள். "அடித்தது என் தப்பு, ஆனால் நீ செய்தது அதனால் சின்னதாகிவிடாது" என்று அவனிடம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

அவன் கெட்டவனா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான். நேருக்கு நேர் கேலி செய்யும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. அது வாடினால் கேலி செய்கிறவன் வாயும் தானாக நின்றுபோகும். திரைக்குப் பின்னால் அந்த முகம் இல்லை, லைக் எண்ணிக்கைதான் இருக்கிறது. நேரில் செய்யத் துணியாததைத் திரைக்குப் பின்னால் செய்யும் இந்தக் கட்டவிழ்ந்த நிலையைப் பற்றி ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004லேயே எழுதினார். என்னிடம் வரும் பையன்களில் பலர் அதற்கு முன்னால் தாங்களே கேலிக்கு ஆளானவர்கள். உங்கள் மகனை எதை வைத்துக் கேலி செய்தார்கள்? கடைப் பெயரைச் சொல்லியா, உடம்பைச் சொல்லியா? செய்ததற்கு அது சாக்கு ஆகாது, ஆனால் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. மாட்டிக்கொண்டு, அடி வாங்கி, ஊர் பார்க்க நிற்கிற பையனும் ஆபத்தில்தான் இருக்கிறான். சாப்பிடாமல் இருப்பது, யாரோடும் பேசாமல் இருப்பது, "நான் இருந்து என்ன பண்ண" என்பது, தன் பொருளை மற்றவர்களுக்குக் கொடுப்பது, இதில் எதைப் பார்த்தாலும் தனியாக விடாதீர்கள். 14416 அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம். பிள்ளைகள் தாங்களே கூப்பிட 1098 இருக்கிறது. 14416ஐயும் 1098ஐயும் தலைமை ஆசிரியர் வழியாக அந்த வீட்டுக்கும் சேர்த்துவிடுங்கள்.

போன்? இப்போதைக்கு பட்டன் போன் போதும். பள்ளிக்கூட மெசேஜ் உங்கள் மனைவியின் போனுக்கு வரட்டும். ஆனால் போன் இல்லாததால் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்காதீர்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து ராத்திரி 1 மணி வரை அவனோடு பேச ஆளில்லாத அந்த 7 மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. கடையை மூடச் சொல்லவில்லை, வயிற்றுப்பாடு எனக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள் உங்களில் ஒருவர் 8 மணிக்கே வீட்டுக்குப் போக முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைக் கடைக்குக் கூட்டி வந்து, சால்னாவுக்கு வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்து "ஏன்டா பண்ண?" என்று கேட்டால் 16 வயதுப் பையன் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு பேர் கண்ணும் வெங்காயத்தில் இருந்தால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பேச ஆரம்பிப்பான். அப்போது குறுக்கே பேசாமல் உரித்துக்கொண்டே இருங்கள்.